கரியாலூரில் கரி இல்லை

கரியாலூர் என்றால் 'அரியலூரா?' என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. இல்லை. அரியலூர் சமவெளி, சிமென்ட், சுண்ணாம்புக்கல், கடல் நத்தைப் புதைபடிவங்கள். கரியாலூர் மலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலையில் ஏறினால், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அருவிகள் உண்டு, படகுத்துறை உண்டு. பெயரில் மட்டும் 'கரி' இருக்கிறது. மலை முழுக்கத் தோண்டினாலும் ஒரு கூடை நிலக்கரி தேறாது. ஏன் என்பதில்தான் கதையே இருக்கிறது.

அந்தப் படகுத்துறையில் ஒரு அப்பா, ஏழெட்டு வயசுப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இதெல்லாம் ஒரு காலத்துல லெமூரியாடா. கடல் கொண்டதுபோக மிச்சம் இதுதான்."

"அப்ப டைனோசர் இங்க இருந்துச்சாப்பா?"

"இருந்திருக்கும், இருந்திருக்கும். போட்ல ஏறு."

நான் குறுக்கே பேசவில்லை. ஒரு பையன் முன்னால் அப்பாவைத் திருத்துவது பாவம். ஆனால் அந்த அப்பாவுக்கு இந்தக் கதையைக் கொடுத்தவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முதலில் காலடியில் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். கல்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பாறை. சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பதும் இதே இனம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைப் போட்டிருந்ததால், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இதற்கு அவர் பெயரையே வைத்தார். வயது சுமார் 250 கோடி ஆண்டு.

இந்த எண்ணைப் படித்தால் மனசில் ஒன்றும் தோன்றாது. அதனால் அந்த 250 கோடியை ஒரு வருஷக் காலண்டராகச் சுருக்குங்கள். ஜனவரி 1 அன்று கல்வராயன் பாறை பிறக்கிறது. நவம்பர் இரண்டாம் வாரம் வரை நிலத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நவம்பர் 9 வாக்கில் கார்பானிஃபெரஸ் காலம் தொடங்குகிறது. பெயரின் பொருளே 'கரி தாங்கிய' என்பதுதான். 25-ம் தேதி பெர்மியன் காலம் முடிகிறது. பேலியோசோயிக் ஊழியின் கடைசி அத்தியாயம் இந்த இரண்டு வாரம்தான். மனிதன்? டிசம்பர் 31 ராத்திரி 11 மணிக்கு வருகிறான். சங்க இலக்கியம் கடைசி 25 விநாடி.

அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது?

பூமத்திய ரேகைப் பக்கத்துச் சதுப்புகளில் நூறடி உயர மரங்கள். பூ இல்லை, விதை இல்லை, உடம்பெல்லாம் செதில். அவற்றின் சொந்தக்காரர்கள் இன்றைக்குப் பாசி மாதிரி தரையோடு கிடக்கிறார்கள். மரங்கள் செத்துச் சேற்றில் புதைந்தன. கரி மண்ணுக்குள் போனது. காற்றில் ஆக்சிஜன் ஏறியது. இன்று 21 சதவீதம், அன்று 30 வரை போயிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். தும்பி ஜாதியில் ஒன்று இரண்டடிக்கு மேல் சிறகு விரித்தது. ஆறடிக்கு மேல் நீளமாக ஒரு மரவட்டை. நடுவில் ஒரு சின்னப் பிராணி ஓடுள்ள முட்டையைத் தரையில் இட்டது. தண்ணீரை நம்பிப் பிள்ளை பெறும் கட்டாயம் அதோடு போயிற்று. பல்லி, பாம்பு, கோழி, நீங்கள், நான் எல்லாம் அந்த முட்டையின் வாரிசுகள்.

அப்போது நம்ம ஊர் எங்கே? வெகு தெற்கே, குளிரில். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, மடகாஸ்கர் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாக. பனிப்பாளங்கள் அந்த நிலத்தை இழைத்துக்கொண்டிருந்தன. கதையல்ல, தடயம் இருக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரில் பெரிய உருண்டைக் கற்களும் நைஸான மண்ணும் கலந்து கிடப்பதைப் பார்த்து, 'இது பனி கொண்டுவந்து போட்டது' என்று 1856-லேயே பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் எழுதினார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற ஒடிசாவில் பனிப்பாளம் என்று எழுத அன்றைக்குத் துணிச்சல் வேண்டும்.

பனி விலகியதும் அதே இடத்தில் காடு வந்தது. நாக்கு வடிவ இலை கொண்ட கிளாசோப்டெரிஸ் மரங்கள். இந்தியாவின் நிலக்கரியில் மிகப் பெரும்பங்கு இந்தக் காட்டின் சொத்து. கல்வராயனில் ஏன் கரி இல்லை? கரி சேர ஒரு பள்ளம் வேண்டும். மண்ணும் மரமும் வந்து படிய வேண்டும். இந்த மலையில் இன்று நிற்பது, எந்தக் காட்டுக்கும் கோடிக்கணக்கான வருஷம் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. இரும்புப் பெட்டிக்குள் இலையைத் தேடினால் எப்படி?

இதே இலையை வைத்து இன்னொரு சம்பவம். 1912-ல் தென்துருவம் போய்த் திரும்பிய ஸ்காட்டும் தோழர்களும் பனியில் செத்துக்கொண்டிருந்தபோதும், ஸ்லெட்ஜிலிருந்து சுமார் 16 கிலோ கல்லை இறக்கிப் போடவில்லை. சடலங்களோடு அந்தக் கற்கள் கிடைத்தன. உள்ளே கிளாசோப்டெரிஸ். தால்ச்சேர் இலையும் தென்துருவ இலையும் ஒரே குடும்பம்! கண்டங்கள் ஒட்டியிருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பெர்மியன் முடிவில் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு லட்சக்கணக்கான ஆண்டு கொட்டியது. காற்றும் கடலும் கெட்டன. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டு, ஒன்பது காலி. கிளாசோப்டெரிஸ் காடும் போயிற்று.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

லெமூரியா தமிழ்ப் பெயர் அல்ல. 1864-ல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் வைத்தது. மடகாஸ்கரில் லெமூர் இருக்கிறது. இந்தியாவில் அதன் பங்காளியான தேவாங்கு இருக்கிறது. நடுவில் கடல் இருக்கிறது. கண்டங்கள் நகரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாததால், நடுவில் ஒரு நிலம் இருந்து முழுகியிருக்க வேண்டும் என்றார். நியாயமான ஊகம்தான். பிறகு வெகெனர் வந்தார், 1960-களில் புவித்தட்டுக் கொள்கை வந்தது. நிலம் முழுகவில்லை, நகர்ந்தது என்று தெரிந்தது. ஸ்க்ளேட்டரின் பாலத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. விஞ்ஞானம் அதைக் கழற்றி வைத்துவிட்டது. நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம்.

1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றி ஒரு ஆவணப்படம் காட்டினார்கள். தமிழக அரசின் பணம், எம்.ஜி.ஆரின் ஆதரவு, ப. நீலகண்டனின் இயக்கம். கண்டங்கள் நகர்ந்த கொள்கை, கண்டம் முழுகிய கதை இரண்டையும் சேர்த்து லெமூரியாவை விஞ்ஞானமாக்கிய படம். எனக்கு ஆட்சேபம் இங்கேதான். முதலாவது உண்மையானால் இரண்டாவதற்குத் தேவையே இல்லை. 'அவர் ஊருக்குப் போய்விட்டார், அதனால் வீட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டார்' என்று சொல்வதுபோல இருக்கிறது. கண்டப் பாறை லேசானது. கீழே உள்ள கனமான பாறைமேல் மிதக்கிறது. ஒரு முழுக் கண்டம் மனிதன் பார்த்திருக்க, கடலுக்குள் இறங்கிவிட வழியில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்ததோ நம் காலண்டரில் டிசம்பர் 19 வாக்கில். பார்க்க மனிதனே இல்லை. 2013-ல் மொரீஷியஸுக்கு அடியில் பழைய கண்டத் துணுக்கு இருப்பதாக விஞ்ஞானிகள் சொன்னதும், 'லெமூரியா கிடைத்துவிட்டது' என்று குதித்தவர்களுக்கும் இதே பதில்தான்.

அப்படியானால் பஃறுளியாறும் குமரிக்கோடும் பொய்யா? அதுவும் இல்லை. சு.கி. ஜெயகரன் புவியியலாளர். 2002-ல் வந்த அவருடைய 'குமரி நில நீட்சி'யைப் படியுங்கள். 20,000 ஆண்டுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே. குமரி முனைக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் நீண்டிருந்தது, பனி உருகிக் கடல் ஏற அது போனது. கொஞ்சம் நிலம்தான், கண்டம் அல்ல. இலக்கிய நினைவைக் கேலி செய்யாமல், மிகையை மட்டும் கழித்துவிட்டுப் பேசுகிற கட்டுரைத் தமிழ் நம்மிடம் அபூர்வம். சுமதி ராமஸ்வாமி 2004-ல் ஆங்கிலத்தில் எழுதிய லெமூரியா நூல் வேறொரு கேள்வி கேட்கிறது: இழந்த நிலம் ஒன்று நமக்கு ஏன் இவ்வளவு தேவைப்பட்டது? கேட்கவேண்டிய கேள்வி.

என் குறை, மறுப்பு மட்டும் போதாது என்பது. 'லெமூரியா இல்லை' என்று சொன்னால் அந்தப் பையன் கையில் என்ன மிச்சம்? அதற்குப் பதில் கொடுக்க நம்மிடம் இன்னும் பெரிய கதை, அதுவும் நிஜக் கதை இருக்கிறது. தமிழில் அதைச் சொல்லவேண்டிய அளவுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வியாகச் சொன்னோம்.

இன்னொரு வேடிக்கை. ஒட்டியிருந்த அந்தத் தென்னிலத்துக்கு என்ன பெயர் தெரியுமா? கோண்டுவானா. 1872-ல் ஹென்றி மெட்லிகாட் என்ற இந்தியப் புவியியல் துறைக்காரர் மத்திய இந்தியப் பாறைகளுக்கு வைத்தார். எடுவர்ட் சூஸ் அதைக் கண்டம் அளவுக்குப் பெரிதாக்கினார். கோண்டுகளின் வனம் என்று பொருள். கோண்டு மக்கள் பழங்குடியினர். அவர்களுடைய கோண்டி திராவிட மொழி, தமிழுக்கு உறவு. 2011 கணக்கெடுப்பில் பேசியவர்கள் ஏறக்குறைய 30 லட்சம்.

யோசித்துப் பாருங்கள். உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிற ஒரு நிஜக் கண்டத்துக்கு, நமக்கு மொழி உறவான ஒரு மலைஜனத்தின் பெயர். அதை விட்டுவிட்டு, தேவாங்கின் பங்காளி பெயரிலுள்ள, இல்லாத கண்டத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறோம். முடியுடை மன்னர்கள் ஆண்ட நிலமாக இருந்தால்தான் பெருமை, காட்டுக்காரர் பெயர் என்றால் வேண்டாமோ? கல்வராயனிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். படகுக்கு டிக்கெட் வாங்கிய நேரத்தில் நாம் யாரும் அவர்களைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

இருட்டியதும் கரியாலூரில் விளக்குகள் எரிந்தன. தமிழ்நாட்டின் அனல்மின் நிலையங்களுக்குத் தால்ச்சேரிலிருந்தும் கரி வருகிறது. மின்சாரத்துக்கு ஊர் பேர் கிடையாது. ஆனாலும் அந்த வெளிச்சத்தில் கொஞ்சமாவது, 25 கோடி வருஷத்துக்கும் முன்னால் நாக்கு இலை மரம் ஒன்று பிடித்துவைத்த வெயிலாக இருக்கவேண்டும்.

அந்தப் பையன் மறுபடி கண்ணில் பட்டால், அவன் அப்பா அனுமதியோடு சொல்வேன்: தம்பி, உங்கப்பா சொன்னதில் பாதி சரி. இந்த மலை ஒரு பெரிய கண்டத்தின் மிச்சம்தான். கடல் கொள்ளவில்லை. பெயர் மட்டும் வேறே.