அம்மா பக்கம்

அக்கா பையன் டெக்ஸாஸிலிருந்து போன் பண்ணினான். பெண் குழந்தை. எடை, நிறம், மூக்கு யார் ஜாடை எல்லாம் பேசி முடித்த பிறகு, "மாமா, ஒரு டவுட்டு..." என்று இழுத்தான். பிறப்புச் சான்றிதழில் சர்நேம் என்ன போடுவது?

அவன் கதை கேளம்பாக்கத்தில் பல வீடுகளின் கதைதான். சிறுசேரியில் வேலை பார்த்து, ஓ.எம்.ஆரிலிருந்து ஒரு நாள் நேராக விமானம் ஏறிய பையன்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே! பாஸ்போர்ட் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வம்பு என்று இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினான். இப்போது ஆபீஸில் அவன் 'மிஸ்டர் தணிகாசலம்'. நிஜத் தணிகாசலம், அதாவது அக்கா வீட்டுக்காரர், திருக்கழுக்குன்றத்தில் லுங்கியும் பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். தன் பெயர் ஒரு அமெரிக்க வம்சத்துக்கே பட்டமாகப் போவது அவருக்குத் தெரியாது.

நான் யோசித்துப் பார்த்தேன். அமெரிக்க வாயில் தணிகாசலம் 'தணி' ஆகும், தணி 'டோனி' ஆகும். இருநூறு வருஷம் கழித்து மிஸ் டோனி என்று ஒரு பெண் கேமராவும் கையுமாக வந்து, ஆதி மூதாதை டோனியைத் திருக்கழுக்குன்றத்தில் தேடினால் எப்படியிருக்கும்?

சிரிக்காதீர்கள். இது எதிர்த்திசையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஜெர்மனியில் பிழைப்பில்லாமல் ஆம்ஸ்டர்டாம் வந்து, டச்சுக்காரன் கப்பலில் ஏறி, இலங்கையில் இறங்கி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டவர்கள் ஏராளம். அவர்களுடைய வாரிசுகளும் அப்படித்தான் தாத்தாவைத் தேடுகிறார்கள். அந்தப் பறங்கியர் சமூகத்திலிருந்து வந்த இரண்டு புத்தகங்களைப் பற்றித்தான் இந்த வாரம். ஒன்று, கார்ல் முல்லர் எழுதிய 'தி ஜாம் ஃப்ரூட் ட்ரீ' (1993). இன்னொன்று, மைக்கேல் ஒண்டாச்சியின் 'ரன்னிங் இன் தி ஃபேமிலி' (1982).

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பயணம். கேளம்பாக்கத்திலிருந்து தெற்கே, மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டையும் அதற்குள் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. நான் போனபோது கேட் பூட்டியிருந்தது. காவலாளி சாவியோடு வந்து, "சீக்கிரம் பாத்துட்டு வந்துடுங்க சார்" என்றார். படுக்கவைத்த கருங்கற்களில் அழகான எழுத்து வேலை. நம்ம பக்கத்துத் துணி ஐரோப்பாவுக்குப் போன துறைமுகம் இது. கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. நமக்கு வ.உ.சி. என்றால் கப்பலோட்டிய தமிழர். அவருக்கு முன்னால் இந்தக் கடலில் கப்பல் ஓட்டிய இந்த வி.ஓ.சி. வேறு ஜாதி!

டச்சுக் கம்பெனி என்றுதான் பெயர். 1602-லிருந்து இரு நூற்றாண்டுகளில் அது ஆசியாவுக்கு அனுப்பிய ஆட்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். சிப்பாய்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள், அதிலும் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். ஆம்ஸ்டர்டாமில் இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்துக் கடனாளியாக்கிக் கம்பெனியில் சேர்த்துவிடும் தரகர்களுக்கு 'ஆன்மா விற்பவர்கள்' என்று பட்டப்பெயர். நம்ம ஊர் துபாய் ஏஜென்டுகளுக்கு இவ்வளவு பொருத்தமாக யாரும் பெயர் வைக்கவில்லை. 1787-ல் வூர்ட்டம்பெர்க் பிரபு ஒருபடி மேலே போய், சுமார் 2,000 பேர் கொண்ட ஒரு ரெஜிமென்டையே கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். அதில் ஒரு பகுதி இலங்கைக்கும் வந்தது.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். கம்பெனி ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சம்பளப் பேரேட்டுக் கணக்கு வைத்திருந்தது. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. பெயர், சொந்த ஊர், வந்த கப்பல், எப்போது, ஏன் கணக்கு முடிந்தது, எல்லாம் இருக்கும். 18-ம் நூற்றாண்டுப் பேரேடுகள் இன்றும் நெதர்லாந்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஏன் இவ்வளவு அக்கறை? ஆள் செத்தால் பாக்கிச் சம்பளத்தை வாரிசுக்குக் கொடுக்க வேண்டுமே! வரலாற்றுக்காக அல்ல, செட்டில்மென்டுக்காக.

குமாஸ்தா டச்சுக்காரர். எதிரில் நிற்கும் பையன் ஏதோ ஒரு கிராமத்து ஜெர்மன் பேசுகிறான். காதில் விழுந்ததை அவர் எழுதிக்கொண்டார். யோஹான் 'யான்' ஆனான். மாவு மில்காரரைக் குறிக்கும் ம்யூல்லர் என்ற ஜெர்மன் பெயரின் தலையிலிருந்த இரண்டு புள்ளிகள் உதிர்ந்தால் முல்லர். டச்சில் மொழிபெயர்த்தால் முல்டர். 1796-ல் பிரிட்டிஷ்காரர்கள் இலங்கையைப் பிடித்த பிறகு ஆங்கில உச்சரிப்பு. ஒரே குடும்பம் மூன்று பாஷைகளின் எழுத்துக்கூட்டலைக் கடந்து வந்தது.

இப்படிக் குழம்பிய வம்சங்களைப் பிரித்து எழுத 1908-ல் கொழும்பில் டச்சு பர்கர் யூனியன் ஆரம்பித்தார்கள். அதன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிப் பட்டியல்கள் வந்தன. நிறையப் பட்டியல்களைத் தயாரித்தவர் டி.வி. ஆல்டென்டார்ஃப். பெயரைப் பாருங்கள், அவரே ஜெர்மன் கேஸ்தான்! தேதி, சர்ச், மனைவி பெயர், பிள்ளைகள் என்று அசாத்திய உழைப்பு.

ஆனால் உழைப்புக்கு ஒரு பக்கம்தான் உண்டு. பர்கர் யார் என்பதற்கு 1830-களிலேயே தலைமை நீதிபதி ரிச்சர்ட் ஆட்லி விளக்கம் சொல்லிவிட்டார்: தகப்பன் வழி ஐரோப்பியனாக இருந்தால் போதும், தாய் யாராக இருந்தாலும் பரவாயில்லை. கேட்கத் தாராள மனசு மாதிரி இருக்கிறது. ஆனால் பட்டியலில் அதன் விளைவு என்ன? ஆண்பிள்ளை வழி நூறு வருஷம், இருநூறு வருஷம் என்று ஓடுகிறது. பெண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் அந்தக் கிளை முடிந்தது. கப்பலில் வந்தது பெரும்பாலும் ஆண்கள் மட்டும். ஆகவே முதல் தலைமுறை அம்மாக்கள் பலர் இந்த மண்ணின் பெண்கள். அவர்கள் கம்பெனியில் சம்பளம் வாங்கவில்லை, அதனால் பேரேட்டில் இல்லை. வரவு மட்டும் எழுதிப் பற்றை விட்ட இந்தக் கணக்கை எங்கள் காலேஜில் ஒற்றைப் பதிவு முறை என்பார்கள். அதை வைத்துக்கொண்டு டேலி பண்ணவே முடியாது.

இது வெறும் பழம்பெருமை விவகாரமும் இல்லை. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் பறங்கியர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியா கிளம்பினார்கள். அங்கே அப்போது வெள்ளையருக்கே இடம் என்ற கொள்கை. ஐரோப்பிய வம்சம் என்று காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். எந்தத் தாத்தா கையில் இருக்கிறார் என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தொங்கியது. எந்தப் பாட்டியைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்பதிலும்தான்.

இந்தப் பின்னணியில் ஒண்டாச்சியின் புத்தகத்தைப் படிக்க வேண்டும். அவர் தேடுவதும் மூதாதையரைத்தான். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் உள்ள புனித தோமையார் ஆலயத்தின் தரையில் தன் குடும்பப் பெயரைக் கல்லில் பார்க்கிறார். இராமபாணப் பூச்சி அரித்த பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறார். ஆதி ஒண்டாச்சி ஜெர்மானியர் இல்லை, டச்சுக்காரரும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன தமிழ் வைத்தியர்! வம்சாவளி சொல்வது 1659. ஒண்டாச்சி அலட்டிக்கொள்ளாமல் 1600 என்று எழுதிவிடுகிறார். டச்சுக்காரர்கள் அந்த வைத்தியரின் பெயரைத் தங்கள் எழுத்துக்கூட்டலில் எழுத, அதுவே வம்சப் பெயராக நின்றது. அந்த வம்சத்தில் 1758-ல் கொழும்பில் பிறந்த ஒரு பிள்ளை, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஆரஞ்சு வம்ச ஆட்சிக்கு எதிரான கலகத்துக்குத் தலைவர்களில் ஒருவராக இருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த உபகதை. ஜெர்மன்காரன் பெயர் நம் பக்கம் வந்து மாறியது, தமிழன் பெயர் அவர்கள் பக்கம் போய் மாறியது. இப்போது நாம் 'ஒண்டாச்சி' என்று எழுதும்போது, ஏதோ காரைக்குடி ஆச்சி மாதிரி அது மறுபடி நம் ஊர்ப் பெயராகிவிடுகிறது!

தேதியில் அறுபது வருஷம் தப்பு விட்டதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். என் குறை வேறு. மூதாதை வைத்தியர் வரும் அந்தப் பகுதி அழகான வாக்கியங்களால் ஆன ஒரு சித்திரம். வைத்தியர் வருகிறார், குணப்படுத்துகிறார், நிலமும் மனைவியும் பரிசாகக் கிடைக்கின்றன. மனைவிக்குப் பெயர் இல்லை, நிலத்தோடு சேர்ந்து ஒரு ஐட்டம். அதே புத்தகத்தில் அம்மாவைப் பெற்ற பாட்டி லாலா வரும்போது பாருங்கள், வீடே அதிர்கிறது. பூ திருடி, சீட்டாடி, கடைசியில் வெள்ளத்தில் மிதந்து போகும் அந்தக் கிழவிதான் புத்தகத்தின் உயிர். அப்பா வழிப் பெயரைத் தேடிப் போன மனிதருக்குப் புதையல் கிடைத்தது அம்மா பக்கத்தில்.

கார்ல் முல்லர் வேறு ரகம். நேவி சிக்னல்மேன், ராணுவம், விளம்பரம், பத்திரிகை என்று எல்லாத் தண்ணீரும் குடித்தவர். 2019-ல் இறந்தார். தன் குடும்பக் கதையை நாவலாக்கும்போது முல்லரைத் தூக்கிவிட்டு 'ஃபொன் பிளாஸ்' என்று பெயர் வைத்தார். 'ஃபொன்' என்பது ஜெர்மனியில் பிரபுக்கள் போட்டுக்கொள்ளும் ஒட்டு. ரயில் இன்ஜின் ஓட்டி, சாராயம் குடித்து, தெருவில் சண்டை போடும் குடும்பத்துக்கு அந்த ஒட்டு! வம்சாவளி வியாபாரத்தை இதைவிடக் கிண்டலடிக்க முடியாது. தலைப்பில் இருக்கும் ஜாம் பழம் நம்ம ஊர்த் தேன்பழம்தான். நட்டால் போதும், வருஷம் பூரா காய்த்துத் தள்ளும். ஃபொன் பிளாஸ் குடும்பமும் அப்படித்தான் பெருகுகிறது.

ஆனால் முல்லரை நான் முழுசாக மன்னிக்கத் தயாராக இல்லை. படுக்கையறை ஜோக்குகள் ஐம்பது பக்கத்துக்கு மேல் சலிக்கின்றன. பெண்கள் ஓயாமல் கர்ப்பமாகிறார்கள், அதை அவர் தமாஷ் என்று நினைக்கிறார். பட்டியல் போட்டவர்கள் தாய்மார்களை வெறும் பெயராக்கினார்கள், இவர் பல இடங்களில் வெறும் வயிறாக்குகிறார். எது தேவலை?

தப்பிப்பவள் ஒருத்திதான், மாடிகேர்ள். சமையலறையிலிருந்து அந்தப் பட்டாளத்தையே மேய்க்கும் தாய். முல்லருக்கே அது உறைத்திருக்க வேண்டும். பல வருஷம் கழித்து 2008-ல் அவள் சமையலறையை வைத்தே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். பறங்கியர் வீட்டுச் சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். வாழையிலையில் சோறும் கறியும் சம்பலும் கட்டிச் சுட்டெடுக்கும் லம்ப்ரைஸ். பெயர் டச்சுக்காரனுடையது. இலையும் மசாலாவும் யார் வீட்டுச் சீதனம்? பேரேட்டில் இல்லாத அந்த முதல் அம்மா அடுப்படியில் இருக்கிறாள்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். ஒண்டாச்சிக்கு 1992-ல் புக்கர் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் இலங்கை ஆங்கில எழுத்தாளர்களுக்காக ஒரு பரிசை ஏற்படுத்தினார். அதன் பெயர் கிரேஷியன் பரிசு. கிரேஷியன் என்பது அவர் அம்மா டோரிஸின் பிறந்த வீட்டுப் பெயர். முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் கார்ல் முல்லர், 'தி ஜாம் ஃப்ரூட் ட்ரீ'க்காக!

அக்கா பையனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு குடும்ப மரம் வரைந்து அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா பக்கம் நாலு தலைமுறை கடகடவென்று வந்தது. பத்திரம், பட்டா எல்லாம் இருக்கிறதே. அம்மா பக்கம் இரண்டாவது படியிலேயே பேனா நின்றது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, உங்க ஆயா பேரு என்ன?"

"ஆயான்னுதான்பா கூப்புடுவோம்."

"பேருன்னு ஒண்ணு இருந்திருக்குமில்ல?"

"இல்லாம இருக்குமா? தாத்தா 'இந்தா'ம்பாரு. நெத்திலி வறுவலுக்கு இஞ்சி தட்டிப் போடுவேன்ல, அது அவங்க கைப்பக்குவம்தான். இரு, யோசிச்சுச் சொல்றேன்."

ராத்திரி பத்து மணிக்கு அம்மாவே கூப்பிட்டாள். "கண்ணு, குப்பம்மா." எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி போன். "இல்லப்பா, குப்பம்மா அவங்க தங்கச்சி."