ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் ஒரு லைன்பேக்கர்

அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கர் இடத்துக்கு ஆள் எடுக்கும் கழகங்கள், ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே உயரத்தையும் எடையையும் பார்த்துவிடுவது நெடுநாள் வழக்கம். ஆறடிக்குக் குறைந்தவர் என்றால் அவருடைய பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி தானாகவே விழுந்துவிடும். 175 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி ஒன்பது அங்குலமே உயரம் கொண்ட சாம் மில்ஸ், இந்த வழக்கத்தால் இரண்டு முறை வெளியே தள்ளப்பட்டவர். பின்னர் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.லில் 12 பருவங்கள் ஆடி, இறந்து 17 ஆண்டுகள் கழிந்து புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர். அவரை அளந்து பார்த்தவர்கள் வேண்டாம் என்றார்கள். களத்தில் பார்த்தவர்கள் போகுமிடமெல்லாம் அவரைக் கூடவே அழைத்துச் சென்றார்கள். அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டையே பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

லைன்பேக்கரின் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேறியாக வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நடுவில் குனிந்து நிற்கும் சென்டர், பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கிடம் தரும் கணத்தை ஸ்னாப் என்பார்கள். ஒவ்வொரு முயற்சியும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. தடுக்கும் அணியின் முன்வரிசையில் பெருத்த உடல்காரர்கள் எதிரணியின் முன்வரிசையோடு நேருக்கு நேர் மோதுவார்கள். கடைசி அடுக்கில் நிற்கும் வேகக்காரர்கள் நீண்ட எறிதல்களைக் காப்பார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களே லைன்பேக்கர்கள். முன்வரிசையைப் பிளந்து ஓடிவருபவரை வீழ்த்துவதும், குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்வதும், குறுகிய எறிதல்களை மறிப்பதும் அவர்கள் பொறுப்பு. இந்த மூன்றில் எது தேவைப்படும் என்பது ஸ்னாப்புக்கு முன் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்.

மில்ஸ் 1959 ஜூன் 3 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நெப்டியூனில் பிறந்து, அதே கடலோரத்திலுள்ள லாங் பிராஞ்சில் வளர்ந்தார். அவர் படித்த மாண்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரி, விளையாட்டுக்கென்று உதவித்தொகையே வழங்காத மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. தொழில்முறைக் கழகங்களின் கண் அந்தப் பிரிவின் பக்கம் திரும்புவது அரிது. கல்லூரி வீரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 1981இல் நடந்த டிராஃப்ட்டின் 12 சுற்றுகளில் 300க்கு மேற்பட்டவர்கள் தேர்வானபோதும் மில்ஸின் பெயரை யாரும் சொல்லவில்லை. கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் கழகம் அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்து, பருவம் தொடங்குமுன் கழித்துவிட்டது. அடுத்த ஆண்டு கனடாவின் டொராண்டோ ஆர்கோநாட்ஸ் அணியிலும் அதுவே நடந்தது. அதன்பின் அவர் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சு உயர்நிலைப் பள்ளியில் மரவேலையும் புகைப்படக் கலையும் கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார். ஏறத்தாழ எல்லா வீரர்களுக்கும் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

மில்ஸுக்கு முடியாமல் போனதற்குக் காரணம், 1983 வசந்த காலத்தில் தொடங்கிய யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டிக் கூட்டமைப்பு. அதன் பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணி, பிரவுன்ஸின் பயிற்சியாளர் சாம் ருடிலியானோவே பரிந்துரைத்ததன் பேரில் மில்ஸைச் சோதித்துப் பார்த்தது. அவரைக் கழித்துவிட்ட பயிற்சியாளரின் பரிந்துரை அது என்பது கவனிக்கத்தக்கது. ஸ்டார்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் மோராவுக்கும் முதலில் அந்த உயரத்தைப் பற்றித் தயக்கம் இருந்தது; பயிற்சியில் மோதல்களைப் பார்த்தபின் அது போய்விட்டது. அந்த அணி மூன்று பருவங்களிலும் இறுதிப் போட்டியை எட்டியது. 1983இல் மிச்சிகன் பாந்தர்ஸிடம் 24–22 என்று தோற்றாலும், 1984இல் அரிசோனா ராங்லர்ஸை 23–3 என்றும், பால்டிமோருக்கு இடம்பெயர்ந்தபின் 1985இல் ஓக்லண்ட் இன்வேடர்ஸை 28–24 என்றும் வென்று இரண்டு பட்டங்களைத் தட்டிச் சென்றது. கூட்டமைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. என்.எஃப்.எல். ஏகபோகம் செய்கிறது என்று அது தொடுத்த வழக்கில் 1986 ஜூலையில் வென்றும், நடுவர் குழு விதித்த இழப்பீடு ஒரே ஒரு டாலர். சட்டப்படி மும்மடங்காகி மூன்று டாலர் ஆனது. அதற்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்ட மோரா, மில்ஸையும் அங்கே அழைத்துக்கொண்டார். என்.எஃப்.எல்.லில் முதல் ஆட்டம் ஆடும்போது மில்ஸுக்கு வயது 27.

செயின்ட்ஸ் 1967இல் தோன்றிய அணி. வெற்றிகள் தோல்விகளைவிடக் கூடுதலாக அமைந்த ஒரு பருவத்தைக்கூட அது அதுவரை கண்டதில்லை. 1987இல், வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஓர் ஆட்டம் குறைந்துபோன பருவத்தில், 12 வெற்றி 3 தோல்வியோடு அந்தக் குறை தீர்ந்தது. ரிக்கி ஜாக்சன், வான் ஜான்சன், பாட் ஸ்வில்லிங், சாம் மில்ஸ் என்ற நான்கு லைன்பேக்கர்களும் ‘டோம் பட்ரோல்’, அதாவது கூரையிட்ட தங்கள் அரங்கின் காவற்படை, என்று அழைக்கப்பட்டார்கள். 1991இல் 211, 1992இல் 202 என்று, அந்த இரு பருவங்களிலும் கூட்டமைப்பிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி செயின்ட்ஸ்தான். 1992 பருவத்தின் முடிவில் ஒரே அணியின் நான்கு லைன்பேக்கர்களும் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார்கள்; அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. வெளி லைன்பேக்கர்களான ஜாக்சனும் ஸ்வில்லிங்கும் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பெற்ற புகழ் பெரிது. அவர்கள் அப்படித் தயங்காமல் பாய முடிந்ததற்கு, நடுவில் ஓட்டங்களை அடைத்து நின்ற மில்ஸும் ஜான்சனும் காரணம் என்பது அதே அளவுக்குப் பேசப்படவில்லை.

மில்ஸின் ஆட்ட நுட்பம் இரண்டு திறன்களில் அடங்கியிருந்தது. முதலாவது வாசிப்பு. உள் லைன்பேக்கர் பந்தைப் பார்த்தால் ஏமாந்துபோவார். அவர் பார்க்க வேண்டியது சென்டருக்கு இருபுறமும் நிற்கும் கார்டு என்ற தடுப்பாளரின் முதல் அடியை. கார்டு முன்னோக்கிப் பாய்ந்தால் ஓட்டம் அந்த வழியாக வருகிறது என்று பொருள். நிமிர்ந்து பின்வாங்கினால் எறிதல். வரிசையிலிருந்து விலகிப் பக்கவாட்டில் ஓடினால் ஓட்டக்காரரும் அந்தத் திசையில்தான் வருவார், லைன்பேக்கரும் அதே கணத்தில் அங்கே கிளம்பிவிட வேண்டும். அரை அடி தவறான திசையில் வைத்துவிட்டால் அதை மீட்க நேரமில்லை. மில்ஸ் அப்படித் தவறாக அடியெடுத்து வைப்பது மிகக் குறைவு என்பதுதான் அவருடைய பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த பாராட்டு. எதிரணிகளின் ஆட்டப் படங்களை அலுக்காமல் பார்த்துப் படித்த உழைப்பும் வகுப்பாசிரியருக்கு உரிய பொறுமையும் அதன் பின்னால் இருந்தன.

இரண்டாவது திறன் மோதல். உயரக் குறைவே அங்கு அவருக்கு அனுகூலமானது. ஏறத்தாழ 125 கிலோ எடையுள்ள கார்டு ஓடிவந்து மோதும்போது, வெல்பவர் யார் என்பதை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருடைய தோள்காப்பு மற்றவருடையதற்குக் கீழே நுழைகிறதோ அவரே எதிரியை நிமிர்த்துகிறார், நிமிர்ந்துவிட்டவருக்குக் காலில் பிடிமானம் போய்விடுகிறது. ஆறடி மூன்று அங்குல ஆள் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, சிரமப்பட்டு அடையும் நிலையில் மில்ஸ் இயல்பாகவே நின்றார். உடலோ 100 கிலோவைத் தாண்டியது. கீழிருந்து எழும்பும் அந்த எடை எதிரியின் மார்புக்குள் இறங்கும்போது பின்வாங்கியது பெரும்பாலும் பெரிய ஆள்தான். சக வீரர்கள் அவருக்கு ‘வயல் எலி’ என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்லும்போது, அளந்து பார்த்தவர்களின் வாதம் முழுக்கப் பொய் என்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. தலைக்கு மேலே பறக்கும் எறிதலைத் தட்டிவிடக் கை நீளம் வேண்டும். உயரமான டைட் எண்ட், அதாவது தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிற ஆட்டக்காரர், மைதானத்தின் நடுவில் எழும்பும்போது குள்ளமான லைன்பேக்கருக்கு அது உண்மையான இடர். 12 பருவங்களில் மில்ஸ் இடைமறித்த எறிதல்கள் 11 மட்டுமே. ஆனால் அவற்றில் சில வந்த வேளையைப் பார்க்க வேண்டும்.

1995இல் புதிதாகத் தொடங்கப்பட்ட கரோலினா பாந்தர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் டாம் கேப்பர்ஸ், தடுப்பாட்டத்தை வகுத்தவர் விக் ஃபேன்ஜியோ. இருவருமே மில்ஸை ஸ்டார்ஸிலும் செயின்ட்ஸிலும் அருகிருந்து பார்த்தவர்கள். 36 வயதை நெருங்கிய லைன்பேக்கரை ஒரு புதிய அணி வாங்குவது விசித்திரமாகத் தோன்றினாலும், தெரிந்து வாங்கினார்கள். முதல் ஐந்து ஆட்டங்களிலும் பாந்தர்ஸ் தோற்றது. அக்டோபர் 15 அன்று, சொந்த அரங்கம் கட்டி முடியாததால் கிளெம்சன் பல்கலைக்கழக மைதானத்தில், நியூயார்க் ஜெட்ஸை எதிர்கொண்டது. முதல் பாதி முடியும் தறுவாயில் ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் பப்பி பிரிஸ்டர், தன்னை நோக்கிப் பாய்ந்தவர்களை ஏய்ப்பதற்காகப் பந்தைக் கீழ்க்கையால் அருகிலிருந்த ஓட்டக்காரரிடம் தள்ளிவிட முயன்றார். ஷவல் பாஸ் எனப்படும் இந்த உத்தி, தடுப்பாளர்கள் முன்னே விரைந்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் செய்யப்படுவது. மில்ஸ் விரையவில்லை. பந்து போகும் இடைவெளியில் நின்று அதை வாங்கிக்கொண்டு 36 யார்டு ஓடி, எல்லைக் கோட்டைக் கடந்து டச்டவுன் எடுத்தார். ஆட்டம் 26–15 என்று முடிந்தது. கழக வரலாற்றின் முதல் வெற்றி அது.

அடுத்த ஆண்டு, பிறந்து இரண்டே வயதான அந்த அணி 12 வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. வெளியே கெவின் கிரீன் 14.5 முறையும் லமார் லேத்தன் 13.5 முறையும் குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்த, உள்ளே மில்ஸ் நடுப்பாதையைக் காத்தார். செயின்ட்ஸில் நடந்த உழைப்புப் பங்கீடு அப்படியே இங்கும் தொடர்ந்தது. நடப்பு வாகையரான டல்லஸ் கவ்பாய்ஸை 26–17 என்று வெளியேற்றிய ஆட்டத்திலும், கிரீன் பேயில் 30–13 என்று தோற்ற அடுத்த ஆட்டத்திலும் மில்ஸ் எறிதல்களை இடைமறித்தார். பின்னதில் கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வின் பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு மிக அருகே பறித்து, பாந்தர்ஸின் முதல் புள்ளிகளுக்கு வழிசெய்தார். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர்களின் அணிக்கு, 37 வயதில், அவர் தேர்வானார். வேகம் குறைந்த பிறகும் ஆட்டம் குறையாமல் இருந்ததற்கு அவருடைய வாசிப்பே விளக்கம் என்று கொள்ளலாம். முதல் அடி சரியாக இருப்பவருக்குப் பிந்தைய அடிகளில் அவசரம் தேவைப்படுவதில்லை.

1997இல் ஓய்வு பெறும்வரை பாந்தர்ஸின் முதல் மூன்று பருவங்களில் எல்லா ஆட்டங்களையும் தொடக்கத்திலிருந்தே ஆடியவர் மில்ஸ் ஒருவரே. பிறகு அதே அணியில் பயிற்சியாளரானார். 2003 ஆகஸ்டில் அவருக்குக் குடல் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதே மாதத்தில் அணியின் லைன்பேக்கர் மார்க் ஃபீல்ட்ஸுக்கு ஹாட்ஜ்கின் நோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே மில்ஸ் பயிற்சி அளித்துக்கொண்டே இருந்தார். 2004 ஜனவரி தொடக்கத்தில், டல்லஸுக்கு எதிரான நாக்அவுட் ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவர் வீரர்களிடம் பேசினார். நோய் உறுதியானபோது தனக்கு முன் இருந்த வழிகள் விட்டுவிடுவதும் போராடுவதும் மட்டுமே என்றும், தான் போராடுவதைத் தேர்ந்துகொண்டதாகவும் சொல்லி, ‘கீப் பவுண்டிங்’, அதாவது அடித்துக்கொண்டே இருங்கள், என்று முடித்தார். மறுநாள் 29–10 என்று வென்ற அணி, சூப்பர் பவுல் இறுதிவரை சென்று நியூ இங்கிலாந்திடம் 32–29 என்று தோற்றது. மில்ஸ் 2005 ஏப்ரல் 18 அன்று, 45 வயதில், ஷார்லட்டில் காலமானார். அவர் அணிந்த 51ஆம் எண்ணைக் கழகம் யாருக்கும் தருவதில்லை. ‘கீப் பவுண்டிங்’ என்ற அந்த இரு சொற்கள் இன்று வீரர்களின் சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் தைக்கப்பட்டிருக்கின்றன.

புகழ் மண்டபம் அவரை ஏற்க எடுத்துக்கொண்ட காலம் நியாயமற்றது. ஓய்வுக்குப் பின் 2003 முதல் தகுதி பெற்றிருந்தவரை, வாய்ப்பு முடியும் இருபதாம் ஆண்டான 2022இல்தான் தேர்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஓகாயோவின் கேண்டனில் அவர் சார்பில் மனைவி மெலனி உரையாற்றினார். தாமதத்துக்குக் காரணமாக எண்களைச் சொன்னவர்கள் உண்டு. அவர் ஆடிய காலத்தில் டேக்கிள், அதாவது பந்துள்ளவரை வீழ்த்துதல், கூட்டமைப்பின் அதிகாரபூர்வக் கணக்கில் இல்லை. கழகங்கள் தத்தம் படங்களைப் பார்த்து எண்ணிக்கொண்டன. அப்படிக் கிடைக்கும் கணக்கில் மில்ஸுக்கு 181 ஆட்டங்களில் 1,200க்கு மேல் வருகிறது. யு.எஸ்.எஃப்.எல்.லில் ஆடிய மூன்று பருவங்களும் இரண்டு பட்டங்களும் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. எண்களுக்கு அப்பால் ஒரு சாட்சியம் உண்டு. இண்டியானாபோலிஸில் நான்கு ஆண்டுகள் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்குக்குப் பயிற்சி அளித்த ஜிம் மோரா, தாம் பயிற்றுவித்தவர்களில் மிகச் சிறந்தவர் சாம் மில்ஸ் என்றே சொல்லிவந்தார்.

மில்ஸுக்குப் பின் வந்தவர்களுக்கும் அளவுகோல் எளிதில் வழிவிடவில்லை. ஆறடிக்குக் குறைந்த ஸாக் தாமஸ், 1996 டிராஃப்ட்டில் ஐந்தாம் சுற்றுவரை காத்திருந்து, 2023இல், மில்ஸ் நுழைந்த மறு ஆண்டில், புகழ் மண்டபம் சேர்ந்தார். ஐந்தடி பத்து அங்குல லண்டன் ஃபிளெட்சர், மில்ஸைப் போலவே மூன்றாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து, 1998இல் எந்தக் கழகமும் தேர்ந்தெடுக்காமல் விட்டவர். 16 பருவங்களில் 256 ஆட்டங்கள் ஆடினார், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.