அருகிலுள்ள விமான நிலையம்: கோவை

ஏப்ரல் பிறந்தால் பத்திரிகைகள் எல்லாம் மலையேறிவிடும். ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா, வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட் என்று கலர் கலராக நாலு பக்கம். கடைசிப் பக்க மூலையில் ஒரு சின்னப் பெட்டி, 'எப்படிச் செல்வது?' என்று. அதில் ஒரு வரி: 'அருகிலுள்ள விமான நிலையம் - கோவை, சுமார் 90 கி.மீ.' அவ்வளவுதான், ஆளை விடு என்று கட்டுரை முடிந்துவிடும். சுற்றுலாக் கையேடுகளிலும் இதே கதைதான்.

தமிழ்ப் பயண எழுத்தில் மிக அதிகமாக அச்சடிக்கப்பட்டு, மிகக் குறைவாக யோசிக்கப்பட்ட வாக்கியம் இது என்பேன். பொய்யில்லை. ஆனால் அந்த 'அருகிலுள்ள' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கொடைக்கானலுக்கு 'அருகிலுள்ள' விமான நிலையம் மதுரை. சுமார் 120 கி.மீ. வால்பாறைக்கு மறுபடி கோவை. நடுவே ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ரயில்வே இதைவிட தாராளம். கொடைக்கானல் ரோடு என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரை நம்பி இறங்கினால் கொடைக்கானல் இன்னும் 80 கி.மீ. 'ரோடு' என்று சேர்த்ததில் லேசாக உஷார்படுத்தியிருக்கிறார்கள்.

ஊட்டிக்கே வருவோம். சென்னையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்; பீளமேட்டில் இறக்கிவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தத்தைத் தரையில் இருப்பது போல வைப்பதில்லை. அதிகபட்சமாக 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தம் வரை குறைய விடுவார்கள். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். ஆக, உங்கள் காது சீட்டிலிருந்தபடியே கிட்டத்தட்ட ஊட்டிக்குப் போய்விட்டு, சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவைக்கு இறங்கி, மறுபடி காரில் ஏற ஆரம்பிக்கிறது. குழந்தைகள் கல்லாறு தாண்டியதும் வாந்தி எடுப்பதற்கு வளைவுகள்தான் முதல் குற்றவாளி என்றாலும், காலையிலிருந்து அலைக்கழிந்த காதையும் சந்தேகக் கேஸில் சேர்க்கலாம்.

வெளியே வந்ததும் டாக்ஸிக்காரர், "ஏனுங் சார், எங்கீங்க போகோணும்? ஊட்டிங்களா?" என்பார். கொங்கு மரியாதையில் குறைவே இருக்காது. அவர் சொல்லும் வாடகையைக் கேட்டு, விமான டிக்கெட் எவ்வளவு கொடுத்தோம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவீர்கள். தப்பு அவர் பேரில் இல்லை. 'போக 90, வர 90, வரும்போது வண்டி காலிங்க' என்று நியாயமான கணக்கு வைத்திருக்கிறார். காளப்பட்டி, சரவணம்பட்டி, துடியலூர் என்று ஊருக்குள் நுழையாமல் மேட்டுப்பாளையம் சாலையைப் பிடிக்கும் வழியும் அவருக்கு அத்துப்படி. நம் பெட்டிச் செய்தியை எழுதியவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

டாக்ஸி வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றால்? டெர்மினலிலிருந்து அவினாசி சாலைக்கு வரவேண்டும். அந்த ஸ்டாப்புக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் சித்ரா. யாரோ பெண்மணி இல்லை. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலச் சுருக்கம். அங்கே டவுன் பஸ்கள் தாராளம். ஆனால் ஊட்டி பஸ் கிளம்புவது மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில். விமான நிலையம் ஊரின் கிழக்குக் கோடி என்றால் இது வடமேற்கு. ஒரு கையில் சூட்கேஸ், ஒரு கையில் பாட்டி என்று கோவையைக் குறுக்கே கடக்கவேண்டும். அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயரில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். பிரமாதமான பாலம். கார் வைத்திருப்பவருக்கு நேரம் மிச்சம். பாட்டியுடன் கீழே ஸ்டாப்பில் நிற்பவருக்கு நிழல்.

மிச்சமிருப்பது ரயில். இதில்தான் எனக்கு உண்மையான ஆதங்கம்.

நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதாத பேனா இல்லை. 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. 46 கி.மீ., 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரத்துக்கான பல்வரிசை. பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 'தில் சே'யில் அதன் கூரை மேல் ஷாருக் கான் ஆடியதுகூட எல்லோருக்கும் தெரியும். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி மதியத்தை ஒட்டி ஊட்டி சேரும். மணிக்குப் பத்து கிலோமீட்டர். சைக்கிள்காரர் சமவெளியில் தோற்கடித்துவிடுவார்.

பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. சென்னையிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு சொச்சத்துக்கு மேட்டுப்பாளையம் வருகிறது. இறங்கி, முகம் கழுவி, ஒரு டீ சாப்பிட்டால் எதிரிலேயே மலை ரயில் நிற்கும். தற்செயல் இல்லை இது. யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து, இங்கே இறங்குகிறவன் அங்கே ஏறவேண்டும் என்று யோசித்து அட்டவணை போட்டிருக்கிறார். நான் சொல்லும் விமர்சனம் எல்லாம் இந்த ஒரு யோசனையைப் பற்றித்தான். ரயிலுக்கு ரயில் காத்திருக்கிறது. விமானம் வந்தபின் இந்த யோசனையை யாரும் விமான நிலைய வாசல் வரை நீட்டிக்கவில்லை. காலை முதல் விமானத்தில் நீங்கள் வந்தாலும் 7.10-ஐப் பிடிக்க முடியாது.

அந்த மலை ரயிலை இழுக்கப் பழக்கிய 'எக்ஸ் கிளாஸ்' என்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊரில் செய்தவை. (பிறகு திருச்சி பொன்மலையிலேயே செய்ய ஆரம்பித்தோம்.) விண்டர்தூர், சூரிக் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். அந்த விமான நிலையத்துக்கு அடியிலேயே 1980-ல் ரயில் நிலையம் கட்டிவிட்டார்கள். 1982-லிருந்து நாடு முழுக்க மணிக்கொரு ரயில். மலையடிவாரத்தில் ரயில் நிற்கும் இடத்தில் மஞ்சள் நிறத் தபால் பஸ் காத்திருக்கும். மலை வளைவுகளில் ரோஸினியின் இசையிலிருந்து எடுத்த மூன்று ஸ்வரத்தில் ஹாரன் அடிக்கும். விமான நிலையத்திலிருந்து மலைக் கிராமம் வரை ஒரே டிக்கெட். ஜெர்மாட்டுக்கு வெளியூர்க் காரே போக முடியாது. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலேறவேண்டும். யாரும் முணுமுணுப்பதில்லை. ஏனென்றால் காரைப் பிடுங்குவதற்கு முன்னால் ரயிலைக் கொடுத்துவிட்டார்கள்.

நாம் என்ஜினை வாங்கினோம். கால அட்டவணையை வாங்க மறந்துவிட்டோம்.

"சுவிட்சர்லாந்து பணக்கார நாடு சார்" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பஸ்ஸை விமானம் இறங்கி முக்கால் மணியில் கிளம்பு என்று சொல்வதற்குப் பணம் வேண்டாம். ஒருவர் இன்னொருவருக்கு போன் செய்தால் போதும். சிக்கல் எங்கே என்றால், விமான நிலையம் ஒரு ஆணையத்துடையது, ரயில் தெற்கு ரயில்வேயுடையது, பஸ் மாநிலத்துடையது, மலை மாவட்ட நிர்வாகத்துடையது. அவரவர் வீட்டு வாசல் வரை சுத்தமாகத்தான் பெருக்குகிறார்கள். நடுவே இருக்கும் 90 கி.மீ. யாருடைய வாசலும் இல்லை.

இந்தத் தொண்ணூறு கிலோமீட்டரில் டூரிஸ்ட் மட்டுமா போகிறார்? மே மாதத்தில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுகிறார்கள். அப்படியும் நத்தை ஊர்வலம்தான். அதே வரிசையில், பெரிய சிகிச்சைக்காகக் கோவைக்கு இறங்கும் கோத்தகிரிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கேரட் மூட்டை லாரி நிற்கிறது. பள்ளி பஸ் நிற்கிறது. நாம் ஜன்னலை இறக்கி, 'ஆஹா என்ன குளிர்' என்று போட்டோ எடுக்கிறோம். பின்னால் இருப்பவருக்கு டாக்டர் கொடுத்த நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000 என்று கோர்ட்டே எண்ணிக் கொடுத்தது. வியாபாரிகள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சீசன் இரண்டு மாதம், அடுப்பு பன்னிரண்டு மாதம் எரியவேண்டும். ஆனால் அந்த உத்தரவில் உள்ள ஒரு நல்ல செய்தியை யாரும் பெரிதாகப் போடவில்லை. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் வேண்டாம். ரயிலுக்கும் வேண்டாம். எண்ணிக்கை கார்களுக்குத்தான், மனிதர்களுக்கு இல்லை. நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறினால் சாலையில் பத்துக் கார் குறையும். அந்தப் பஸ் விமான நிலைய வாசலில் நின்றால் ஏறமாட்டீர்களா? பாட்டி முதலில் ஏறிவிடுவார்.

அதுவரைக்கும் பத்திரிகை நண்பர்கள் அந்தக் கடைசிப் பெட்டியையாவது மாற்றி எழுதலாம். கூடுதலாக ஏழெட்டு வரிதான் ஆகும். ஒரு சாக்லேட் போட்டோவைச் சின்னதாக்கினால் இடம் கிடைத்துவிடும். இப்படி:

'கோவை விமான நிலையத்திலிருந்து ஊட்டி சுமார் 90 கி.மீ. காரில் மூன்று மணி நேரம்; மே மாதமென்றால் கணக்குச் சொல்ல முடியாது. சொந்தக் கார், டாக்ஸி என்றால் கிளம்புமுன் இ-பாஸ் எடுக்கவும். பஸ் மேட்டுப்பாளையம் சாலை நிலையத்திலிருந்து. மலை ரயிலில் போக ஆசைப்பட்டால் முந்தின நாளே வந்து, மேட்டுப்பாளையத்தில் இரவு தங்கவும். டிக்கெட்டுக்கு வெகு முன்பே பதிவு செய்யவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிந்து ரயில் ரத்தாவது சகஜம். மாலை நான்கு மணிக்கு மேல் விமானம் இறங்கினால் அன்றே மலையேறவேண்டாம். பனிமூட்டத்தில் வளைவு தெரியாது. முன் சீட்டைக் குழந்தைக்கோ பாட்டிக்கோ கொடுக்கவும். எலுமிச்சம்பழம் இரண்டு.'