கோழிக்கும் கல் நட்ட மரபு

விளையாட்டின் பெருமையைப் பொதுவிடத்தில் கலையாக நிறுத்துவது மேனாட்டார் கண்ட புதுமை எனச் சிலர் கருதுவர். அஃது உண்மையன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கோழியின் உருவம் செதுக்கிய நடுகல் ஒன்று உண்டு. அது கி.பி. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் கல்வெட்டறிஞர். முகையூர் மேற்சேரியின் கோழிக்கென எழுப்பிய கல் அது. இந்தளூரில் உள்ள மற்றொரு கல், கீழ்ச்சேரிக் கோழியின் பெயர் பொற்கொற்றி என்றே கூறுகின்றது. போர்க்கோழிக்குக் கூட உருவோடு சேரியும் பெயரும் பொறித்துவைத்தனர் நம் முன்னோர்.

இவ்வளவுகோலைக் கொண்டு அண்மைக்காலத்துச் செயலொன்றை ஆராய்வோம். 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. அதனையொட்டிச் சென்னை மாநகராட்சி, கூவத்தின் மேலுள்ள நேப்பியர் பாலத்திற்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் தீட்டியது.

அதன் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நுழைவுச் சீட்டு வாங்கிக் காணும் கலையன்று அது. பேருந்தில் செல்வோரும் நடந்து செல்வோரும் கண்ட கலை. வளைந்த பாலமே ஆட்டப் பலகையாயிற்று. அறைக்குள் அமைதியாக ஆடும் ஆட்டத்தை வீதிக்குக் கொணர்ந்த எண்ணம் பாராட்டத்தக்கது.

ஆயினும், அதனை மரபுச் சின்னம் எனல் பொருந்துமா? கறுப்பு வெள்ளைக் கட்டம் உலகிற்கெல்லாம் பொது. எந்நகரத்துப் பாலத்திலும் அதனைத் தீட்டலாம். சென்னைக்கே உரிய சதுரங்க வரலாறு வேறு. 1961-இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் ஆனவர் மானுவல் ஆரோன். 1972-இல் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் அவர் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இவற்றுள் ஒன்றையேனும் அக்கட்டங்கள் சொல்லவில்லை. விழாவிற்குத் தோரணம் போதும். மரபிற்குப் பெயரும் இடமும் வேண்டும்.

"ஆனந்தின் பெயரை உலகமே அறியுமே, பாலமும் சொல்ல வேண்டுமா?" எனலாம். நல்ல கேள்விதான். புகழ்பெற்றோரை ஏடுகள் காக்கும். 1966-ஆம் ஆண்டுப் பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற நம் ஜெகதீசனை எவரும் மறவார். ஏட்டில் ஏறாதவரை எவர் காப்பார்?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் பணியாற்றும் எனக்கு இக்கேள்வி ஆராய்ச்சிக்காக மட்டும் எழுவதன்று. காலையில் பால்மரம் வெட்டியோர் மாலையில் வெறுங்காலோடு பந்தாடிய திடல்கள் இங்குப் பல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்தன. திடல்களும் அவற்றோடு போயின. மாணவன் ஒருவன், "ஐயா, எங்கள் தாத்தா எந்தத் திடலில் ஆடினார்?" என்று என்னிடம் கேட்டான். வரிசை வீடுகளைத்தான் என்னால் சுட்டிக்காட்ட முடிந்தது.

நம் நகராண்மைக் கழகங்கள் நாளை விளையாட்டு மரபைப் போற்றச் சுவரோவியமோ சிலையோ அமைக்கலாம். பந்தை உதைக்கும் முகமற்ற உருவம் ஒன்றை வரைந்து நிறைவு கொள்ளலாகாது. எத்திடல், எக்குழு, ஆடியோர் யாவர் என்பதை ஓவியரை அழைக்குமுன் முதியோரிடம் கேட்டறிதல் வேண்டும்.

நடுகல்லுக்குத் தொல்காப்பியர் ஆறு நிலைகள் வகுத்தார். தக்க கல்லைத் தேடிக் காணும் காட்சி முதல் நிலை; வாழ்த்து இறுதி நிலை. நாமோ வாழ்த்தில் தொடங்கி வாழ்த்திலேயே முடித்துவிடுகிறோம்.

தேடும் பணி ஆசிரியர்களாகிய நம்முடையது. பழைய குழுப்படம் ஒன்று எந்த வீட்டுச் சுவரிலேனும் தொங்கும். அதிலுள்ளோரைப் பெயர் சொல்லக்கூடிய முதியவர் இருக்கும்போதே மாணவரை அனுப்பி எழுதிவரச் செய்வோம். பொற்கொற்றிக்குக் கிடைத்த சிறப்பு, பால்வெட்டிப் பந்தாடிய மனிதருக்குக் கிடைக்க வேண்டாவா?