கையெழுத்துக்குப் பிறகு யார் பொறுப்பு?

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்துக்கு மென்பொருள் விற்கப் போகிறவர் முதலாளியின் அறைக்கு முன் குடோனுக்குப் போய்விட வேண்டும். நூல் கிலோவில் வருகிறது. நிட்டிங், சாயப்பட்டறை என்று வெளியே போய்த் திரும்பும் துணியில் எடை குறைந்திருக்கிறது. தையல் முடிந்ததும் அதே சரக்கு பீஸ் கணக்காகிவிடுகிறது. அந்த எடைக் குறைவை எங்கே எழுதுகிறார்கள், ஜாப் ஒர்க்குக்குப் போன துணியை எந்தச் சீட்டை வைத்துத் தேடுகிறார்கள் என்பதை வீடியோ டெமோவில் யாரும் சொல்வதில்லை. அச்சடித்த பில்லின் ஓரத்தில் அக்கவுண்டன்ட் பேனாவால் போட்ட திருத்தம், நேரில் போனவர் கண்ணுக்குத்தான் படும். களத்தில் இறங்கி விற்பதன் முழு மதிப்பும் இதில் இருக்கிறது. இந்தத் தொழில் அழியக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

சட்ட மாற்றங்களும் இப்படி நேரில் போகும் விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டன. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமான மின்-விலைப்பட்டியல், 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை இறங்கியது. விதியைப் பொறுமையாக விளக்கிய பிரதிநிதி நல்ல சேவை செய்தார். ஆண்டுக்கு இரண்டு கோடியைத் தாண்டாத பட்டறைக்காரரிடம் "நோட்டீஸ் வந்துடும் சார்" என்று பயம் காட்டி விற்றவர், தொழிலின் பெயரைக் கெடுத்தார்.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆளுக்கு ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு டார்கெட் என்ற முறையை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹியோவின் டேட்டன் நகரில் பணப்பதிவு இயந்திரம் விற்ற ஜான் பேட்டர்சன் வலுவாக நிலைநாட்டினார். இயந்திரத்தை இறக்கி வைத்தால் வேலை ஏறக்குறைய முடிந்தது. ஐ.டி. சேவையில் கையெழுத்தான பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அதற்குள் இன்சென்டிவ் கணக்கு முடிந்துவிடுகிறது. மாதக் கடைசி நெருக்கடியில் "அதெல்லாம் பண்ணிக் கொடுத்துடலாம்" என்ற வாக்கு எளிதாக வந்துவிடும். மென்பொருளைப் பொருத்த வரும் இளைஞருக்கு அப்படி ஒரு வாக்கு கொடுக்கப்பட்டதே தெரியாது. விற்றவரோ வேறு பகுதிக்கோ வேறு கம்பெனிக்கோ போயிருப்பார். பணம் கட்டிய நிறுவனம் பழைய எக்செல் தாளுக்கே திரும்புகிறது.

பிரதிநிதியின் வேலையை விசிட் எண்ணிக்கையால் அளப்பது இன்னொரு கேடு. வாசலில் விசிட்டிங் கார்டு கொடுத்தாலும் ஒரு விசிட், குடோனில் அரை நாள் நின்று கேட்டாலும் ஒரு விசிட். இப்படி அளந்தால் யார் குடோனுக்குப் போவார்?

பேட்டர்சனிடம் தொழில் பழகிய தாமஸ் வாட்சன் வளர்த்த ஐ.பி.எம்.மில் ஒரு வழக்கம் இருந்தது: வாடகைக்கு வைத்த கருவியை வாடிக்கையாளர் திருப்பிவிட்டால், அதற்கான கமிஷன் பிரதிநிதி கணக்கில் கழிக்கப்படும். கண்டிப்பான விதிதான், பொருத்துபவர்களின் தவறுக்கும் விற்றவரே தண்டம் கட்ட நேரலாம். இன்சென்டிவில் பாதியைக் கையெழுத்தன்றும், மீதியை வாடிக்கையாளர் புதிய மென்பொருளிலேயே முதல் மாதக் கணக்கை முடித்த பிறகும் கொடுப்பது இதைவிட நியாயமானது.

வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம். ஆர்டர் கொடுக்கும் முன், மென்பொருளைப் பொருத்தப்போகிறவரை ஒருமுறை நேரில் அழைத்து வரச் சொல்லுங்கள். பிரதிநிதி கொடுத்த வாக்குகளை அவர் முன்னிலையில் எழுதி வாங்குங்கள்.