கனத்த விதையெல்லாம் நல்ல விதையா?

விதைக்கென விட்ட தக்காளியையோ மிளகாயையோ எப்போது பறிப்பது? தராசு ஒன்று இருந்தால் விடை கண்டுவிடலாம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நாள்தோறும் சில காய்களைப் பறித்து, விதைகளை எடுத்து உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். எடை ஏறிக்கொண்டே வரும், ஒருநாள் நின்றுவிடும். அன்றே விதையின் தரம் உச்சத்தில் இருக்கிறது, பிறகு தேய்வதுதான் மிச்சம் என்பது அக்கொள்கை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்து விதையியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாரிங்டன் 1972-இல் இதனை எடுத்துரைத்தார், பலரும் ஏற்றுக்கொண்டனர்.

எளிய கொள்கைதான். ஆனால் இயற்பியல் பயிலும் மாணவர் உடனே ஒரு கேள்வி கேட்பார். தராசு அளப்பது நிறையை. நாம் அறிய விரும்புவதோ விதையின் ஆயுளை. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றை முடிவு செய்யலாமா?

இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்லிஸும் அவருடன் ஆய்வு செய்த டெமிரும் ஆயுளையே அளந்தனர். தக்காளி, மிளகாய் பற்றிய அவர்களது முடிவுகள் 1992-இல் வெளிவந்தன. எடை நின்ற பின்னும் விதைகளின் சேமிப்பு ஆயுள் பல நாள்கள் கூடிக்கொண்டே சென்றது!

காரணம் என்ன? உலர்ந்த நிலையில் உயிரைக் காக்கும் சில சர்க்கரைகளும் புரதங்களும் விதை முதிரும் கடைசிக் கட்டத்தில்தான் நிறைவாகச் சேர்கின்றன. பச்சைச் செங்கல் எடையில் சுட்ட செங்கல்லுக்குக் குறைந்ததல்ல. மழையில் நனைந்தால்தான் வேறுபாடு தெரியும். விதையின் கதையும் அதுவே.

பழைய கொள்கையால் வரும் தீங்கு சிறிதன்று. அவசரப்பட்டு எடுத்த விதை இம்மாதம் முளைத்துவிடலாம். அடுத்த பருவம்வரை தாங்காமல் போகலாம். விதைத்தவருக்கு அந்தப் பருவமே வீண். ஆகவே மிளகாய் சிவக்கட்டும், கத்தரிக்காய் மஞ்சளாகட்டும். மழைக்கு அஞ்சி முற்றிய கத்தரியையோ பூசணியையோ முன்னதாகப் பறிக்க நேர்ந்தால், உடனே கீறி விதை எடுக்காதீர்கள். முழுக்காயாகவே நிழலில் ஓரிரு வாரம் வையுங்கள். உள்ளே விதை தொடர்ந்து முதிரும். இதற்கும் எல்லை உண்டு. அளவுமீறிப் பழுத்த தக்காளிக்குள் விதை முளைத்துவிடுவதும் உண்டு.

சேமிப்பைப் பற்றி ஹாரிங்டன் வகுத்த விதிகள் இன்றும் பயன்படுகின்றன. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இருமடங்காகும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே. இவை தோராயக் கணக்குகளே. ஈரம் ஏறத்தாழ 5 முதல் 14 சதவீதம்வரை உள்ள விதைகளுக்கே பொருந்தும். ஆனால் எதன் இருமடங்கு என்பதைக் கவனியுங்கள். காய் கொடுத்த ஆயுளைத்தான் டப்பா நீட்டித்துத் தரும். கொடுக்காததைச் சேர்த்துத் தராது.

நீங்களே சோதிக்கலாம். பச்சைக் கத்தரியிலும் பழுத்த கத்தரியிலும் நூறு நூறு விதைகள் எடுத்து, ஒன்றுபோல் உலர்த்தித் தனித்தனியே மூடி வையுங்கள். ஆறு மாதம் கழித்து விதைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள்.