வாங் சோங்கும் பன்னிரு விலங்குகளும்

சீன மக்களின் ஆண்டுக் கணக்கில் எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்னும் பன்னிரண்டும் முறையே சுழன்று வருதலைப் பலரும் அறிவர். இவற்றைச் ‘சீன இராசிகள்’ எனத் தமிழில் வழங்குவாரும் உளர். அவ்வழக்குப் பொருந்துவதன்று. இராசி என்பது ஞாயிறு செல்லும் வான்வழியின் பன்னிரண்டில் ஒரு பகுதி. சீனரின் பன்னிரண்டோ விண்மீன்களைச் சாராது எண்ணுதற்கு அமைந்த குறிகள். இவ்வேறுபாட்டை உளங்கொண்டு, ஹான் காலத்து அறிஞர் வாங் சோங் தம் ‘லுன் ஹெங்’ என்னும் நூலில் இவ்விலங்குகளை முன்னிறுத்தி நிகழ்த்தும் வாதத்தின் வன்மையையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

பத்து ‘வான்தண்டு’களும் பன்னிரண்டு ‘நிலக்கிளை’களும் சீனரின் பழைய எண்குறிகள். இவை ஒன்றோடொன்று இணைந்து அறுபது சேர்க்கைகளாகும். ஷாங் மரபினர் காலத்தில், கி.மு. 13ஆம் நூற்றாண்டளவில், ஆமையோட்டிலும் எலும்பிலும் பொறித்த எழுத்துகளிலேயே நாள்களை இவ்வறுபதால் எண்ணினர். அக்கணக்கில் விலங்குப் பெயர்கள் காணப்படவில்லை. கிளைக்கு ஒரு விலங்கு எனச் சார்த்தியது பின்னர் வந்த வழக்கேயாம்.

வாங் சோங் கி.பி. 27இல், இன்றைய செஜியாங் மாகாணத்தில் உள்ள ஷாங்யூவில் பிறந்தவர். வறுமையால் நூல் வாங்க இயலாது, லோயாங் நகரத்துப் புத்தகக் கடைகளில் படித்தே மனத்தில் இருத்தினார் எனப் பிற்கால ஹான் வரலாறு கூறும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்தியல்புகளால் உயிர்கள் ஆயின. ஓரியல்பு மற்றொன்றை வெல்லுதலால் உயிர்களும் ஒன்றையொன்று வெல்கின்றன என்பது அவர் காலத்தார் பலர் கொண்ட கொள்கை. புலி மரத்திற்கு உரியது. எருதும் ஆடும் நாயும் மண்ணிற்கு உரியன. மரம் மண்ணை வெல்லுமாதலின் இவை புலிக்கு அடங்கின என்பது அன்னோர் காட்டும் சான்று.

வாங் சோங் இவ்வட்டவணையை மறுக்கவில்லை. அதனையே கையில் எடுத்துக்கொள்கிறார். எலி நீர், குதிரை நெருப்பு எனின், எலி குதிரையை விரட்டியோட்டல் வேண்டும். சேவல் உலோகம், முயல் மரம் எனின், சேவலுக்கு முயல் இரையாதல் வேண்டும். பாம்பு நெருப்பு, குரங்கு உலோகம் எனின், பாம்பு குரங்கை உண்ணல் வேண்டும். இவற்றுள் ஒன்றும் உலகில் நிகழக் காணோம். ஆகவே, உயிர்களின் வெற்றி தோல்விகள் பல்லின் கூர்மை, உடல் வலிமை, துணிவு, திறம் ஆகியவற்றால் அமைவனவேயன்றி இயல்புப் பகுப்பால் அல்ல என அவர் முடிக்கிறார். கொள்கைக்கு ஏற்ற சான்றுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, ஏலாதவற்றைக் கைவிடுதலே எதிர்த்தரப்பினரின் குற்றம் என்பதை இவ்வாதம் தெளிவுறக் காட்டுகிறது. இன்றைய ஆராய்ச்சியாளரும் போற்றத்தக்க நெறி இது.

எனினும், வாதம் வேரளவு செல்லவில்லை என்றே கருதுகின்றோம். ஏழாம் கிளைக்குக் குதிரையே உரியது என்பதற்கு ஆதாரம் யாது என அவர் வினவவில்லை. ஹுபெய் மாகாணத்துச் சுய்ஹுதியில் 1975இல் தொடங்கிய அகழ்வில் கிடைத்த மூங்கிற் சுவடிகள் இவ்வினாவை எழுப்புகின்றன. கி.மு. 217ஐ ஒட்டிய கல்லறை ஒன்றில் இருந்த அச்சுவடிகளுள் நாட்பலன் கூறும் பகுதி ஒன்று, களவு நிகழ்ந்த நாளின் கிளையைக் கொண்டு கள்வனின் தோற்றத்தைக் கணிக்க முயல்கிறது. அங்கே ஏழாம் கிளைக்கு மானும், எட்டாம் கிளைக்குக் குதிரையும், பதினொன்றாம் கிளைக்கு ஆடும் கூறப்படுகின்றன. அட்டவணை என்றும் ஒருபடித்தாய் இருந்ததன்று என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு குறையும் உண்டு. மனிதனின் வாழ்வும் தாழ்வும் அவன் கருவில் உயிர்ப்பைப் பெறும்போதே உறுதிப்படுகின்றன என வாங் சோங் நம்பினார். அவர் சாய்த்தது பொருந்தாத ஒப்புமையையே, விதிக்கொள்கையை அன்று. விலங்கின் பெயரால் மனிதனின் ஊழைக் கூறும் வழக்கம் அவர் வாதத்திற்குப் பின்னும் நிலைத்தமைக்கு இதுவே காரணம் என்று சொல்லோம். ஆயினும் அவர் வாதம் அவ்வாயிலை அடைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

அவ்வாயில் வழியே விளைந்தது யாது எனக் காண ஜப்பானை நோக்கல் தகும். சீனக் கணக்கை ஏற்ற அந்நாட்டில், தண்டும் கிளையும் ஒருங்கே நெருப்பாகிய ‘நெருப்புக் குதிரை’ ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்குக் கேடு சூழ்வாள் என்னும் நம்பிக்கை வேரூன்றியது. 1965இல் ஏறத்தாழ 18 இலட்சமாக இருந்த பிறப்பு, அத்தகைய ஆண்டான 1966இல் ஏறத்தாழ 13.6 இலட்சமாகக் குறைந்தது. மறு ஆண்டில் 19 இலட்சத்தைக் கடந்தது. குதிரையை நெருப்பென்று வகுத்ததைக் கொண்டு வாங் சோங் தொடுத்த வினா எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வெண்களே உணர்த்தும். அறுபதின் சுழற்சியில் 2026ஆம் ஆண்டும் அப்பெயருக்கே உரியது.

இங்ஙனம் கூறுதலால் பன்னிரு விலங்குகளும் பயனற்றன என்பது எம் கருத்தன்று. எழுத்தறியாதாரும் ஆண்டை நினைவிற் கொள்ளவும், ஒருவரது விலங்கைக் கேட்ட அளவில் அவரது அகவையைக் கணித்துக்கொள்ளவும் அவை துணைநின்றன. பண்பாட்டில் அவை பெற்ற இடம் இதனாலேயே நிலைபெற்றது. பிழை, எண்ணுதற்கு வந்த பெயரை இயல்பாகக் கொள்ளுதலில் உள்ளது. நான்காம் கிளைக்குச் சீனர் முயலைக் கூற, வியட்நாமியர் பூனையைக் கூறுவர். ஒரே நாளில் பிறந்த இரு மகவுகளுள் ஒன்று முயலின் அச்சத்தையும், எல்லைக்கு அப்பால் மற்றொன்று பூனையின் தந்திரத்தையும் பெறும் எனின், அவ்வியல்பு வானத்தினின்று வந்ததோ, பெயரினின்று வந்ததோ? இவ்வினாவை வாங் சோங் எழுப்பவில்லை. எழுப்பும் முறையை நமக்குக் கற்பித்தவர் அவரே.